யாரும் தொடாமலே உடைந்து கிடந்தவை

2017 ஜனவரி 31 அன்று மாலையிலிருந்தே கிட்லேப் நிறுவனத்தின் டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கவும், பலர் சேர்ந்து ஒரே நிரலில் வேலை செய்யவும், பிழைகளைக் குறித்து வைத்து விவாதிக்கவும் பயன்படுத்தும் இணையச் சேவை அது. ஸ்பாம் பதிவுகளைக் கொட்டுகிறவர்களால் சுமை ஏறிக்கொண்டே போனது. முதன்மை சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் படியெடுத்து வைப்பது இரண்டாவது சர்வரின் வேலை. சுமை கூடக்கூட அது பின்தங்கியது. ஒரு கட்டத்தில் படியெடுப்பதே நின்றுபோனது.

அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம் என்றிருந்த பொறியாளர் ஒருவர் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தார். இரண்டாவது சர்வரில் இருப்பதைத் துடைத்துவிட்டு, முதன்மையிலிருந்து முழுப் பிரதியைப் புதிதாக எடுக்க வேண்டும். அதற்கான கருவியை ஓடவிட்டார். அது எந்தப் பதிலும் சொல்லாமல் சும்மா நின்றது. உண்மையில் அது முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை காத்திருந்தது. அதன் இயல்பே அதுதான். ஆனால் அந்த இயல்பைப் பற்றி நிறுவனத்தின் செயல்முறைக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. கோப்புறையில் ஏதோ மிச்சம் மீதி கிடப்பதால்தான் கருவி முரண்டுபிடிக்கிறது என்று அவர் நினைத்தார். கோப்புறையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார்.

ஓரிரு விநாடிகளில் அவருக்கு உறைத்தது. கட்டளை ஓடிக்கொண்டிருந்தது இரண்டாவது சர்வரில் அல்ல, முதன்மை சர்வரில். இரண்டின் பெயருக்கும் ஓர் இலக்கம்தான் வேறுபாடு. உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

இதுவரை நடந்தது எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியது. பேக்கப்பிலிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கிட்லேப் குழுவும் அங்கேதான் போனது.

தினமும் ஒருமுறை டேட்டாபேஸை முழுதாக எழுதி அமேசானின் சேமிப்பகத்தில் வைக்கும் ஏற்பாடு இருந்தது. திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் மென்பொருள் 9.6 பதிப்புக்கு மாறியிருந்தது. பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பில் இருந்தது. பதிப்பு பொருந்தாததால் கருவி ஒவ்வொரு முறையும் தோற்று நின்றிருக்கிறது. தோற்றதைத் தெரிவிக்க அது மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. அனுப்புநரைச் சரிபார்க்கும் அஞ்சல் விதிகளுக்கு அந்த மின்னஞ்சல்கள் உட்படாததால் அவை பெறுநரிடம் சேராமல் நிராகரிக்கப்பட்டன. மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகத்தில் வட்டுகளை அப்படியே படம்பிடித்து வைக்கும் வசதி இருந்தது. கோப்பு சர்வர்களுக்கு அதை இயக்கியிருந்தார்கள், டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கவில்லை. உடனடிப் பிரதி எடுக்கும் இரண்டாவது சர்வரோ ஏற்கெனவே துடைக்கப்பட்டிருந்தது.

கடைசியில் காப்பாற்றியது தற்செயல். அழிப்புக்குச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் சோதனைச் சூழலில் பயன்படுத்துவதற்காக டேட்டாபேஸின் பிரதி ஒன்றைக் கையால் எடுத்திருந்தார். அது பேக்கப்புக்காக எடுத்ததே அல்ல. சோதனைச் சூழலின் வட்டுகள் மெதுவானவை என்பதால், அங்கிருந்து தரவைத் திரும்பக் கொண்டுவந்து சேவையை எழுப்பச் சுமார் 18 மணி நேரம் ஆனது. நிரல் களஞ்சியங்களுக்குச் சேதமில்லை. ஆனால் இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பதிவான ஏறத்தாழ 5,000 திட்டங்களின் விவரங்களும், 5,000 கருத்துகளும், 700 பயனர் கணக்குகளும் போயின.

அந்த 18 மணி நேரமும் கிட்லேப் எதையும் மறைக்கவில்லை. குழுவினர் எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்துவைத்தார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 5,000 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள்களில் விரிவான அறிக்கையும் வந்தது. பொறியாளரின் பெயர் அதில் இல்லை. அவரை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை.

இரண்டு கேள்விகள்

அந்த அறிக்கை தனக்குத்தானே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டது. சேவை ஏன் விழுந்தது? எழுப்ப ஏன் 18 மணி நேரத்துக்கும் மேல் ஆனது? முதல் கேள்விக்குப் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும்: தவறான சர்வரில் அழிப்புக் கட்டளை ஓடியது. இரண்டாவது கேள்விதான் நீளமானது. அதைத் தொடர்ந்து போனால், அந்த இரவுக்கு முன்பே உடைந்து கிடந்தவற்றின் பட்டியல் கிடைக்கிறது. பேக்கப் கருவி, எச்சரிக்கை மின்னஞ்சல், இயக்கப்படாத வசதி, பேக்கப்புக்கு யார் பொறுப்பு என்று யாருமே குறிக்கப்படாதது. அன்று இரவு பொறியாளர் நிம்மதியாகத் தூங்கப் போயிருந்தாலும் இவை எல்லாம் உடைந்துதான் இருந்திருக்கும். வேறொரு நாள், ஒரு வட்டு பழுதாகியிருந்தால்கூட இதே கதிதான்.

இணையச் சேவை ஒன்று முடங்கும்போது நமக்குக் கண்ணில் படுவது தூண்டிவிட்ட செயல் மட்டும். சூழ்நிலை பின்னால் மறைந்திருக்கிறது. ஓர் அமைப்பில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பல காவல்களை வைக்கிறோம். ஒரு காவல் பழுதானால் மற்றொன்று தாங்கிக்கொள்கிறது. சேவை வழக்கம்போல ஓடுகிறது. ஓடுவதாலேயே பழுதும் கவனத்துக்கு வருவதில்லை. எல்லாக் காவல்களும் ஒரே சமயத்தில் பழுதாக இருக்கும் நாளில் மட்டும் சேவை விழுகிறது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ரிச்சர்ட் குக் 1998-இல் 18 குறிப்புகளாக எழுதிய சிறு கட்டுரை ஒன்று இதைத்தான் மருத்துவமனைகளையும் மின்நிலையங்களையும் போன்ற சிக்கலான அமைப்புகளுக்குப் பொதுவாகச் சொன்னது. அவற்றில் எப்போதும் சில கோளாறுகள் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். பேரிடருக்கு ஒரே ஒரு கோளாறு போதாது, பல சேர வேண்டும். இன்று சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள் பலரும் தங்கள் தொழிலுக்கான பாடமாக அதைப் படிக்கிறார்கள்.

கிட்லேப்பில் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. சேர்ந்தும் பயனில்லாமல் போன கதையும் உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் என்ற தரகு நிறுவனம் எட்டு சர்வர்களில் ஏற்றியிருக்க வேண்டிய புதிய நிரலை ஏழில் மட்டும் ஏற்றியிருந்தது. எட்டாவதில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. புதிய நிரலை இயக்கும் அதே குறியீடு அங்கே பழையதை எழுப்பிவிட்டது. 45 நிமிடங்களில் அது லட்சக்கணக்கான வாங்கல் விற்றல்களை நடத்தி, நிறுவனத்துக்கு 46 கோடி டாலருக்கு மேல் நட்டம் ஏற்படுத்தியது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் பிறகு விசாரித்தபோது ஒன்று தெரியவந்தது. அன்று காலை சந்தை திறக்கும் முன்பே, அந்தப் பழைய நிரலின் பெயரைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. எச்சரிக்கை என்ற வகையில் அவை வடிவமைக்கப்படாததால் யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கோளாறைச் சரிசெய்யும் அவசரத்தில், சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். பழைய நிரல் அவற்றிலும் விழித்துக்கொண்டது.

ஒரே மாதிரி இரண்டு விசைகள்

இந்த இடத்தில் கேள்வி எழும்: தவறு செய்தவரைக் கண்டிக்கவே கூடாதா? இதற்கான பதில் கணினித் துறைக்கு முன்பே விமானத் துறையில் கிடைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிற்றில் உட்கார்ந்தன. இறக்கை மடிப்புகளை உள்ளிழுக்க வேண்டிய விமானிகள் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். விமானியின் பிழை என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டுக்குமான விசைகள் அருகருகே, தொட்டால் வேறுபாடு தெரியாதபடி இருந்தன. வேறு வகை விமானங்களில் அப்படி இல்லை. அவற்றை ஓட்டியவர்கள் அந்தப் பிழையைச் செய்யவும் இல்லை. சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், இறக்கை விசையின் நுனியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார்கள். விரல் தொட்டதுமே எது எது என்று தெரிந்தது. விமானிகளுக்குக் கூடுதலாக எந்த அறிவுரையும் தேவைப்படவில்லை.

ஓர் இலக்கம் மட்டும் மாறிய கிட்லேப்பின் இரண்டு சர்வர் பெயர்களும் அந்த விசைகளின் வாரிசுகள்தான். அறிக்கையில் சொல்லப்பட்ட சீர்திருத்தங்களில் ஒன்று, எந்த சர்வரில் வேலை செய்கிறோம் என்பது பளிச்சென்று தெரியும்படி திரையின் தொடக்க வரியை மாற்றுவது. இன்னொன்று, பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை உண்மையிலேயே மீட்டுப் பார்க்கும் சோதனையைத் தானாக ஓடவைப்பது. இரண்டுமே யாருடைய கவனத்தையும் நம்பியிருக்கவில்லை.

விமானத் துறை இன்னொன்றையும் கற்றுக்கொண்டது. உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்றால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். 1976-இல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்புத் தகவல் திட்டம் ஒன்று தொடங்கியது. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையினரும் தங்கள் தவறுகளை அதில் ரகசியமாகத் தெரிவிக்கலாம். வேண்டுமென்றே செய்தது அல்ல என்றால் தண்டனையிலிருந்து பெருமளவு விலக்கும் உண்டு. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் அதைக் கொடுக்காமல், நாசாவிடம் நடத்தக் கொடுத்தார்கள். தண்டிக்கும் கையும் கேட்கும் காதும் ஒரே ஆளுடையதாக இருக்கக் கூடாது என்பதே காரணம்.

கைவினைப் பொருள்களை இணையத்தில் விற்கும் எட்சி நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பா 2012-இல் இந்த அணுகுமுறையைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்து பரவலாக்கினார். முடக்கத்துக்குக் காரணமான செயலைச் செய்தவரே, நடந்ததை அஞ்சாமல் விவரிக்க வேண்டும். எந்த நிமிடம் என்ன பார்த்தார், என்ன எதிர்பார்த்தார், ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதை எல்லாம். அவரை விட்டால் வேறு யாருக்கும் அந்த விவரம் தெரியாது. அவரை வெளியேற்றினால் நிறுவனம் இழப்பது ஊழியரை மட்டுமல்ல, விபத்தை அருகிலிருந்து பார்த்த ஒரே சாட்சியையும்.

இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. விசாரணை முறை அது. முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்க்கிறவருக்குப் பாதை நேராகத் தெரியும். திரும்பியிருக்க வேண்டிய இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். அந்த இரவில் உட்கார்ந்திருந்தவருக்கு முன்னால் பத்துப் பாதைகள் இருந்தன. அவற்றில் அந்த ஒன்று ஏன் சரியெனப் பட்டது என்று கேட்டால்தான், அடுத்து அதே நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கும் அது ஏன் சரியெனப் படும் என்பது விளங்கும்.

காவலே பூட்டாகும்போது

2021 அக்டோபர் 4 அன்று இந்திய நேரப்படி இரவு 9 மணிக்குச் சற்றுப் பிறகு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஒரே நேரத்தில் காணாமல் போயின. திரும்பிவரச் சுமார் ஆறு மணி நேரம் ஆனது. ஃபேஸ்புக் பிறகு வெளியிட்ட விளக்கம், பாதுகாப்பு ஏற்பாடு எப்படி எதிரியாகத் திரும்பும் என்பதற்குப் பாடநூல் போன்றது.

உலகம் முழுக்க உள்ள தன் டேட்டா சென்டர்களை இணைக்க அந்த நிறுவனத்துக்கு ஒரு முதுகெலும்பு நெட்வொர்க் இருக்கிறது. வழக்கமான பராமரிப்பின்போது, அந்த நெட்வொர்க்கின் கொள்திறனைக் கணக்கிட ஒரு கட்டளை கொடுத்தார்கள். அது தவறுதலாக எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளைகளைச் சோதித்துத் தடுக்க ஒரு தணிக்கைக் கருவி இருந்தது. அந்தக் கருவியில் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை.

அடுத்து வந்தது இன்னொரு காவல். பெயரைச் சொன்னால் இணைய முகவரியை எடுத்துச் சொல்லும் டி.என்.எஸ். சர்வர்களை அந்த நிறுவனம் சிறு நிலையங்களில் உலகெங்கும் வைத்திருக்கிறது. ஒரு நிலையத்தால் டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால், தன் இணைப்பில்தான் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு அது ஒதுங்கிவிடும்: என்னிடம் வழி இல்லை என்று இணையத்துக்கு அறிவித்துவிடும். ஒரு நிலையம் கெட்டால் மற்ற நிலையங்களுக்குப் பயனர்களைத் திருப்பிவிடும் நல்ல ஏற்பாடு இது. அன்று முதுகெலும்பே அறுந்ததால் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் ஒதுங்கின. டி.என்.எஸ். சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இணையத்தில் யாராலும் அவற்றை அடைய முடியவில்லை. ஃபேஸ்புக் என்ற பெயருக்கே உலகில் முகவரி இல்லாமல் போனது.

சரிசெய்யப் போன பொறியாளர்களும் அதே பெயர்களையும் அதே நெட்வொர்க்கையும் நம்பியிருந்தார்கள். தொலைவிலிருந்து நுழைய வழியில்லை. கோளாறைக் கண்டறியும் உள் கருவிகளும் செயலிழந்திருந்தன. வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது போல ஆயிற்று. ஆள்களை டேட்டா சென்டர்களுக்கு நேரில் அனுப்பினார்கள். அந்நியர் நுழையாதபடி கட்டப்பட்ட இடங்கள் அவை. உள்ளே போனாலும் கருவிகளில் எளிதாகக் கைவைக்க முடியாதபடி அமைக்கப்பட்டவை. திருடனுக்காகப் போட்ட தடை அன்று சொந்த ஊழியர்களைத் தாமதப்படுத்தியது.

இந்த வட்டச் சிக்கல் அபூர்வம் அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகம் அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் முடங்கியது. சேவைகளின் நிலையைக் காட்டும் அமேசானின் அறிவிப்புப் பலகையும் அதே எஸ்3-ஐ நம்பியிருந்ததால், அதை இரண்டு மணி நேரம் திருத்தவே முடியவில்லை. 2019 ஜூலை 2 அன்று, லட்சக்கணக்கான இணையதளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தாக்குதல்களைக் கண்டறியும் புதிய விதி ஒன்றை உலகம் முழுக்க ஒரே வீச்சில் ஏற்றியது. சில எழுத்துத் தொடர்களைக் கண்டால் பின்னுக்கு வந்து திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்க்கும்படி அந்த விதி எழுதப்பட்டிருந்தது. எல்லா சர்வர்களின் செயலிகளும் அந்த ஒப்பீட்டிலேயே மூழ்கின. 27 நிமிடங்கள் நீடித்த அந்த முடக்கத்தின் மோசமான கட்டத்தில், அதன் வழியே போகும் போக்குவரத்து 82 விழுக்காடு குறைந்தது. பொறியாளர்கள் உள்நுழைவதற்கான வாசலும் கிளவுட்ஃபிளேரையே நம்பியிருந்தது. அடிக்கடி பயன்படுத்தாதவர்களின் அனுமதியை ரத்துசெய்யும் பாதுகாப்பு விதியால் சிலர் உள்ளே போகவே முடியவில்லை.

ஒவ்வொரு காவலும் தனித்தனியாகப் பார்த்தால் அறிவுள்ள ஏற்பாடு. அவை ஒன்றையொன்று எந்த இடத்தில் தொடுகின்றன என்பது வரைபடத்தில் இருப்பதில்லை. முடங்கும் நாளில்தான் அது தெரிகிறது.

எது பாடம், எது சமாதானம்

அமேசான் முடக்கத்தின் காரணம் மிக எளியது. கட்டணப் பிரிவுக்கான சில சர்வர்களை விலக்க வேண்டும். அனுமதி பெற்ற ஊழியர், எழுதிவைத்த நடைமுறையின்படியே கட்டளை கொடுத்தார். ஓர் உள்ளீட்டைத் தவறாகத் தட்டிவிட்டார். தேவைக்கு மேல் ஏராளமான சர்வர்கள் விலகின. சேமிப்பகத்தின் அட்டவணை அமைப்பையே மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளாக அதை முழுதாக நிறுத்தித் தொடங்கியதே இல்லை; இதற்குள் அது பல மடங்கு வளர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அன்றுதான் கண்டார்கள்.

இனிமேல் கவனமாகத் தட்டச்சு செய்யுங்கள் என்று சுற்றறிக்கை விட்டிருந்தால் அது சமாதானம். அமேசான் கருவியை மாற்றியது: சர்வர்களை மெதுவாகத்தான் விலக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கும்படி கட்டளை வந்தால் மறுத்துவிடும். அட்டவணை அமைப்பைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கும் வேலையையும் முடுக்கிவிட்டது. ஒன்று விழுந்தால் அதை மட்டும் விரைவாக எழுப்பிவிடலாம். நல்ல சீர்திருத்தத்தின் அடையாளம் இதுதான்: தூக்கக் கலக்கத்தில் இருக்கும் புது ஊழியருக்கும் அது வேலை செய்ய வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு சீர்திருத்தமும் அமைப்பில் இன்னொரு உறுப்பைச் சேர்க்கிறது. அந்த உறுப்பும் ஒருநாள் கெடலாம். 2018 அக்டோபர் 21 அன்று, கிட்லேப் போலவே நிரல்களைச் சேமிக்கும் சேவையை நடத்தும் கிட்ஹப் நிறுவனத்தில் பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த முதன்மை டேட்டா சென்டரின் தொடர்பு 43 விநாடிகள் அறுந்தது. முதன்மை சர்வர் இறந்தால் வேறொன்றை அரியணை ஏற்றும் தானியங்கி மென்பொருள் அந்த 43 விநாடிகளில் கடமையைச் செய்தது; மேற்குக் கரை சர்வர்களை முதன்மையாக்கியது. தொடர்பு திரும்பியபோது, கிழக்கில் எழுதப்பட்ட சில விநாடித் தரவு மேற்கில் இல்லை. மேற்கில் எழுதப்பட்டது கிழக்கில் இல்லை. சேவை வேகமாகத் திரும்புவதைவிட எந்தப் பயனரின் தரவும் தொலையாமல் இருப்பது முக்கியம் என்று கிட்ஹப் முடிவெடுத்தது. முழுதாகச் சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. 43 விநாடிகள் சும்மா இருந்திருந்தால் எல்லாம் தானே சரியாகியிருக்குமே என்று இன்று சொல்லலாம். 43 விநாடியா, 43 மணி நேரமா என்பது அந்த மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே முடக்கமே இல்லாத சேவை என்பது கைக்கு எட்டாத இலக்கு; அதற்கான விலையும் ஏறிக்கொண்டே போகும். ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் சேவை ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் விழுந்து கிடக்கலாம். 99.99 என்றால் சுமார் 52 நிமிடம். 99.999 என்றால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். ஒவ்வோர் ஒன்பதும் முந்தையதைவிடப் பல மடங்கு உழைப்பைக் கேட்கும். கூகுளில் இந்த மிச்ச நிமிடங்களைச் செலவழிக்கக்கூடிய கையிருப்பாகவே கணக்கு வைக்கிறார்கள். கையிருப்பு இருக்கும்வரை புதிய வசதிகளைத் துணிந்து ஏற்றலாம். தீர்ந்துவிட்டால் மாற்றங்களை நிறுத்திவிட்டு உறுதிப்படுத்தும் வேலையைப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போய், கோளாறைத் தாங்களே வரவழைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், ஓடிக்கொண்டிருக்கும் தன் சர்வர்களை எழுந்தமானமாக நிறுத்திவிடும் ஒரு நிரலை உருவாக்கி, 2010-இல் அதைப் பற்றி உலகுக்கும் அறிவித்தது. பொறியாளர்கள் அலுவலகத்தில் விழித்திருக்கும் பகல் நேரத்தில் சர்வர்களைக் கொல்வது அதன் வேலை. உறங்கும் கோளாறு நள்ளிரவில் தானாக விழிப்பதைவிட, பகலில் தட்டி எழுப்பப்படுவது நல்லது என்ற கணக்கு. ஃபேஸ்புக்கும் ஒரு டேட்டா சென்டரோ ஒரு வட்டாரமோ விழுந்தது போல ஒத்திகை நடத்திவந்தது. 2021-இல் சேவைகளை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவர அந்தப் பயிற்சி உதவியது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இயக்கினால் பல மெகாவாட் மின்சுமை திடீரென ஏறிக் கருவிகளுக்கே ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் முதுகெலும்பு நெட்வொர்க்கே முழுதாக அறுவதை அவர்கள் ஒருமுறையும் ஒத்திகை பார்த்ததில்லை. அதையும் அவர்களே எழுதினார்கள்.

அறிக்கையை எப்படிப் படிப்பது

இந்தக் கட்டுரையில் வந்த விவரங்களில் பெரும்பாலானவை, விழுந்த நிறுவனங்களே தங்கள் கையால் எழுதி வெளியிட்டவை. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் அவற்றைக் காசில்லாமல் படிக்கிறார்கள். கிட்லேப்பின் அறிக்கையைப் படித்தவர், தன் அலுவலகத்து பேக்கப்பை இன்று மீட்டுப் பார்த்தால் என்ன என்று யோசிக்க வாய்ப்பு உண்டு. ஒருவர் விலை கொடுத்து வாங்கிய பாடம் மற்றவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் அபூர்வமான சந்தை இது.

ஆனால் எல்லாரும் இப்படி எழுதுவதில்லை. தேர்வு முடிவு வரும் நாளில், டிக்கெட் முன்பதிவு தொடங்கும் நிமிடத்தில், சம்பளம் ஏறும் முதல் தேதியில் நாம் நம்பியிருக்கும் சேவைகள் விழுகின்றன. மறுநாள் தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியில் பொய் இல்லாமல் இருக்கலாம், பாடமும் இல்லை. ஊழியர் ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று இரண்டாவது வரி சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். அடுத்த முறை எதையாவது கண்டுபிடிக்கும் ஊழியர் வாயைத் திறக்க மாட்டார்.

விளக்கம் எது, மழுப்பல் எது என்று பிரித்தறியப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. நடந்தவை நிமிடவாரியாக இருக்கின்றனவா? முடக்கம் ஏன் வந்தது என்பதோடு, மீள ஏன் அவ்வளவு நேரமானது என்பதற்கும் பதில் உண்டா? செய்யப்போகும் மாற்றங்கள் மனிதரைத் திருத்துவனவா, கருவியைத் திருத்துவனவா? இந்த மூன்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது: அன்று யாரும் எதையும் தொடாமல் இருந்திருந்தாலும் ஏற்கெனவே உடைந்து கிடந்தது எது? அதற்குப் பதில் சொல்லாத அறிக்கையை வெளியிட்ட நிறுவனத்தில், அது இன்னமும் உடைந்தே கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.